சுவரைப் பூசுமுன்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்' என்னும் பழமொழியை நம்மில் அறியாதவர் இல்லை. அதைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் செலவையும் அலைச்சலையும் மனத்திற்கொண்டே சொல்லுகிறார்கள். ஆனால் அப்பழமொழியில் உள்ள 'பார்' என்னும் சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதும் நல்லதே. கட்டும்போது பார், கண்ணைத் திறந்து பார், கட்டி முடித்த பிறகு பார்க்க முடியாதவற்றை முடியுமுன்னே பார். இந்தப் பொருளைப் பற்றியே இன்று மாணவ மாணவியராகிய உங்களிடம் சிறிது பேச விரும்புகிறேன்.

"நாங்கள் படிக்கிற பிள்ளைகள், வீடு கட்டுவது எங்கள் வேலையா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் வாழும் இரும்புலியூர், தாம்பரத்துக்குத் தெற்கே பெருஞ்சாலையை ஒட்டிய ஊர். 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. அன்று தொடங்கி இப்பகுதியில் வீடுகள் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. இன்று இங்கே எந்தத் தெருவில் நடந்தாலும் எங்கேனும் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கக் காணலாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் மணற்குவியலையும் ஜல்லியையும் கம்பிக்கட்டையும் தாண்டித்தான் செல்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அந்த வீடே சொந்த வீடு. தாய் தந்தையர் இருபது ஆண்டு வங்கிக் கடன் பெற்று எழுப்பும் வீடு. ஆகவே இது உங்கள் வேலையும்தான்.

ஒரு வீட்டின் உள்ளுறுப்புகள் வெளிப்படையாகத் தெரியும் காலம் மிகச் சிறியது. அடித்தளத்தை மண் மூடிவிடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடிவிடுகிறது. செங்கல்லையும் குழாயையும் பூச்சு மூடிவிடுகிறது. பூச்சின்மேல் வண்ணம் ஏறுகிறது. கிருகப்பிரவேசத்துக்கு வரும் உறவினர்கள் தரையின் மினுமினுப்பையும் கதவின் வேலைப்பாட்டையும் புகழ்ந்து, விருந்துண்டு, வாழ்த்திச் செல்கிறார்கள். அவர்கள் புகழ்ந்த பொருள்களில் ஒன்றுகூட அந்த வீட்டைத் தாங்குவதில்லை. தாங்குகின்றவை யாவும் அதற்குள் கண்ணுக்கு மறைந்துபோயிருக்கும்.

வேலை நடக்கும் இடங்களில் நான் அடிக்கடி கேட்டிருக்கும் வாசகம் ஒன்று உண்டு: "பூச்சில் சரிசெய்துகொள்ளலாம்." சுவர் சற்றுச் சாய்ந்திருந்தால் பூச்சில் சரிசெய்துகொள்ளலாம், தூணில் ஜல்லி தெரிந்தால் பூச்சில் சரிசெய்துகொள்ளலாம், கம்பி வெளியே தலைகாட்டினால் அதையும் பூச்சில் சரிசெய்துகொள்ளலாம். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும் இவ்வாசகம் உண்மையில் சொல்வது ஒன்றே: குறை நீங்காது, ஆனால் தெரியாமற் போய்விடும்.

நான் கணக்குப் பாடம் நடத்தியவன். விடையை மட்டும் எழுதி வைத்த மாணவனுக்கு நாங்கள் முழு மதிப்பெண் தருவதில்லை. "வழியைக் காட்டு" என்போம். வழி தவறாக இருந்து விடை மட்டும் சரியாக இருந்தால், அது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட விடை. பூசி முடித்த வீடு விடையைப் போன்றது. பூசுவதற்கு முன் தெரிகின்ற வீடு, வழியைப் போன்றது.

இது வெறும் உவமை அன்று என்பதற்கு நம் அருகிலேயே நிகழ்ந்த ஒரு துயரம் சான்றாக இருக்கிறது. எங்கள் ஊரருகே தொடங்கி மதுரவாயல் செல்லும் புறவழிச்சாலையில் போனால் போரூர் வரும். அதற்கருகே உள்ளது மௌலிவாக்கம். அங்கே 11 மாடிகளாக இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் பக்கத்துப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்தன. 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், அவற்றில் ஒன்று அடியோடு சரிந்து விழுந்தது. பல நாள் இரவும் பகலும் மீட்புப் பணி நடந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அக்கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அந்த விபத்தில் மாணவர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விழுந்த கட்டடத்தின் அருகே அதன் இரட்டையாகிய மற்றொரு கட்டடம் விழாமல் நின்றது. சாலையில் செல்பவர் கண்ணுக்கு அது நேராகவும் உறுதியாகவுமே தோன்றியிருக்கும். ஆயினும் ஆராய்ந்த வல்லுநர்கள் அது பாதுகாப்பானதன்று என்று கண்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் 2016-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்தார்கள். சில நொடிகளில் அது தூசியாயிற்று. நிற்கிற கட்டடமெல்லாம் நல்ல கட்டடம் அன்று. நேராகத் தெரிவதெல்லாம் உறுதி அன்று. வெளியிலிருந்து பார்க்கும் கண் இவ்விஷயத்தில் சாட்சி சொல்லத் தகுதியற்றது என்பதே அந்த இரட்டைக் கட்டடம் நமக்குக் கற்பித்த பாடம்.

அப்படியானால் எதை, எப்பொழுது பார்ப்பது? நான் பொறியாளன் அல்லன். தூணின் கனத்தையும் கம்பியின் அளவையும் கணக்கிட்டு வரைபடம் தருவது அதற்கெனப் படித்தவருடைய பணி. அந்த வரைபடத்தில் உள்ளதுதான் மண்ணில் எழுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அளவுநாடாவும் பொறுமையும் போதும். மூடப்படும் மூன்று வேளைகளில் அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.

முதல் வேளை, அடித்தளத்தை மண் மூடுவதற்கு முன். வானம் தோண்டிய பள்ளத்தின் அடியில் என்ன மண் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் சில மனைகளில் சிறிது ஆழத்திலேயே கெட்டியான, பாறை கலந்த மண் கிடைக்கும். ஏரிகளின்கீழ் வயலாக இருந்த மனைகளிலோ களிமண் நெடுந்தூரம் இறங்கும். களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், அதன்மேல் நிற்கும் சுவர் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கி வெடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தடி தோண்டினார் என்பதற்காக நாமும் ஐந்தடியோடு நிறுத்துவது சரியன்று. தரைமட்டத்தின் உயரத்தையும் அப்பொழுதே முடிவு செய்துவிட வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாலைகளோ புதுப்பிக்கப்படும்போதெல்லாம் உயர்ந்துகொண்டே போகின்றன. சாலையைவிடத் தாழ்ந்துவிட்ட வீட்டை எந்தப் பூச்சும் உயர்த்தித் தராது.

இரண்டாம் வேளை, கம்பியைக் கான்கிரீட் மூடுவதற்கு முன். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அமுக்கத்தைத் தாங்கும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும் வலிமை. அக்குறையை ஈடுசெய்யவே கம்பி வைக்கிறோம். ஆகவே இழுப்பு எங்கே நேருகிறதோ அங்கே கம்பி இருக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு சோதனை சொல்கிறேன். உங்கள் பையில் இருக்கும் நீண்ட அழிப்பான் ரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் சில செங்குத்துக் கோடுகளை வரையுங்கள். அதன் இரு முனைகளையும் இரண்டு புத்தகங்களின்மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள். அடிப்பக்கத்தில் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அங்கே இழுப்பு நேருகிறது. இரு சுவர்களின்மேல் அமரும் தளத்தில் நடுப்பகுதியின் முக்கியக் கம்பி அடியில் இருப்பதற்குக் காரணம் இதுவே. இனி அதே ரப்பரின் ஒரு முனையை விரல்களால் இறுகப் பற்றி, அந்தரத்தில் நீட்டி, மறுமுனையைக் கீழே அழுத்துங்கள். இப்பொழுது மேற்பக்கத்தில் கோடுகள் விலகுகின்றன. சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பால்கனியும் ஜன்னலின்மேல் வரும் சன்ஷேடும் இத்தகையவை. இவற்றில் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் கம்பி இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒருவர் எங்கள் தெருவில் வீடு கட்டினார். மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள் காலையில், "சார், நீங்களும் வந்து நின்றால் நன்றாயிருக்கும்" என்று அழைத்தார், சென்றேன். வரைபடம் தந்த பொறியாளர் ஓர் இளம்பெண். அவரும் அளவுநாடாவோடு வந்திருந்தார். கம்பிவலை கண்ணுக்கு அழகாகப் பின்னப்பட்டிருந்தது. அந்த அம்மையார் நேரே பால்கனிப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். மேலே இருக்க வேண்டிய கம்பிகள், அவற்றின்மேல் ஆட்கள் இரண்டு நாள் நடந்த நடையினால் மிதிபட்டு, அடிப்பலகையை ஒட்டிக் கிடந்தன. தளத்தின் பல இடங்களில் கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக் என்னும் சிறு கட்டைகளும் இல்லை.

கலவை லாரி வருவதற்கு இரண்டு மணி நேரமே இருந்தது. ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்ல நேரம் பார்த்துக் குறித்த நாள். மேஸ்திரி வயதில் மூத்தவர். பல வீடுகளைக் கட்டியவர். "கான்கிரீட் போட்டால் எல்லாம் உள்ளே போய்விடும், அம்மா, இத்தனை வருஷமாக இப்படித்தான் போடுகிறோம்" என்றார் அவர். வீட்டுக்காரர் என் முகத்தையும் பொறியாளர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். நாளைத் தள்ளிப்போட்டால் ஒரு நாள் கூலி வீண். மேஸ்திரியின் மனமும் நோகும். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. இத்தகைய வேளையில்தான் ஒரு வீட்டின் வலிமை முடிவாகிறது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "ஐயா, இந்தப் பால்கனியின்கீழ்தான் இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவார்கள். கம்பி மேலே வரும்வரையில் நான் கையெழுத்திட முடியாது. ஒரு மணி நேரம் தாருங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்" என்றார். மேஸ்திரி சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு கம்பி கட்டுபவர்களைக் கூப்பிட்டார். துண்டுக் கம்பிகளை நாற்காலிபோல் வளைத்து மேற்கம்பிக்கு முட்டுக்கொடுத்தார்கள். கவர் பிளாக்குகளை வரிசையாகச் செருகினார்கள். கான்கிரீட் போடும்போது கம்பியின்மேல் மிதிக்காமல் நடக்கப் பலகைகளும் போட்டார்கள். லாரி வருமுன் வேலை முடிந்துவிட்டது. பிறகு அந்த மேஸ்திரி வேறு ஒரு வீட்டில் வேலை செய்தபோது வழியில் நின்று பேசினேன். பால்கனிக் கம்பிக்கு நாற்காலி வைத்திருந்ததை, நான் கேளாமலே, தாமே சுட்டிக் காட்டினார்.

அந்தச் சிறு கவர் பிளாக்குக்கு என்ன அவ்வளவு பெருமை என்று நீங்கள் கேட்கலாம். கம்பியைச் சுற்றிப் போதிய கனத்துக்குக் கான்கிரீட் இருந்தால்தான் காற்றும் ஈரமும் அதை எளிதில் அணுகா. இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் 456-ஆம் எண் விதிநூல், கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய இந்தக் கனத்தைப் பொதுவாகத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர், அடித்தளத்துக்கு 50 மில்லிமீட்டர் என்னும் அளவுக்குக் குறையாமல் கேட்கிறது. கடற்கரைக்கு அருகில் இன்னும் கூடுதலாக வேண்டும். கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தால் ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் போதாமல் கான்கிரீட்டைப் பிளக்கும். பழைய கட்டடங்களின் கூரையிலிருந்து சிம்புசிம்பாகக் காரை விழுந்து, கம்பி பழுப்பாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில் வைக்கத் தவறிய கட்டையின் விளைவாகவும் அது இருக்கலாம்.

கம்பிக்குப் பின் கலவை. வேலை எளிதாக ஓட வேண்டும் என்று கலவையில் தண்ணீரை ஊற்றுவது நம் நாட்டுப் பழக்கம். தளங்களுக்குப் பெரும்பாலும் போடும் எம்-20 என்னும் தரத்தை வேலையிடத்திலேயே கலக்கும்போது, 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது அதே விதிநூல். மிகுதியாக ஊற்றிய தண்ணீர் பிறகு ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடம் துளையாக நிற்கும். துளை மலிந்த கான்கிரீட்டுக்கு வலிமையும் இல்லை, ஆயுளும் இல்லை. போட்ட கலவையை வைப்ரேட்டரால் நன்கு அதிரச் செய்து இறுக்காவிட்டால், பலகையைப் பிரித்தபின் தூணில் தேன்கூடுபோல ஓட்டைகள் தெரியும். உடனே சாந்தை அப்பி மறைத்துவிடுவார்கள். அப்புவதற்கு முன் பொறியாளர் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கலவையில் தண்ணீர் மிகக்கூடாது. போட்டு இறுகிய பிறகோ தண்ணீர் குறையக்கூடாது. சிமெண்டு இறுகுவது உலர்வதனால் அன்று, தண்ணீரோடு கூடி மாறுவதனால். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்கும் கடும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாளும் ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், தூணுக்கு ஈரச் சாக்குச் சுற்றுவதும் இதற்காகவே. காலையில் பள்ளிக்குச் செல்லுமுன் ஒருமுறை, மாலையில் திரும்பி வந்து ஒருமுறை, சாக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுப் பிள்ளைகள் செய்யக்கூடிய நல்ல தொண்டு.

மூன்றாம் வேளை, சுவரைப் பூச்சு மூடுவதற்கு முன். செங்கல் வந்து இறங்கியபோதே இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மணலைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் புட்டி போதும். பாதியளவு மணலும் அதற்குமேல் தண்ணீரும் சிறிது உப்பும் இட்டு நன்றாகக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும். வண்டல் அதன்மேல் தனி வரியாகப் படியும். அந்த வண்டல் மணலின் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் இருந்தால் மணல் உதவாது. கழுவ வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். இச்சோதனையை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம்.

சுவர் எழுந்தபின் தூக்குக்குண்டை விட்டுப் பாருங்கள். செங்குத்தாக இருக்கிறதா என்று தெரியும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து நிறைந்திருக்கிறதா, மேல்வரியின் செங்குத்து இணைப்பு கீழ்வரியின் இணைப்புக்கு நேராக வராமல் மாறி மாறி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். கான்கிரீட் தூணும் செங்கற்சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை எனப்படும் கம்பி வலையை அடித்திருக்க வேண்டும். வெயிலில் அவ்விரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், வலை இல்லாத இடத்தில் பூச்சு நெடுகக் கீறல் விடும்.

சுவருக்குள் புதையும் தண்ணீர்க் குழாய்களைப் பூசுவதற்கு முன்பே தண்ணீர் நிரப்பி, வாயை அடைத்து, அழுத்தம் கொடுத்து, ஒழுகுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மூடியபின் ஒழுகினால் சுவரை உடைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மின்கம்பிக் குழாய்கள் எந்த வழியே செல்கின்றன, எர்த் கம்பி ஒவ்வொரு பிளக்குக்கும் வந்திருக்கிறதா என்பதும் அப்படியே. இந்த இடத்தில் உங்கள் தலைமுறைக்கு ஒரு வசதி இருக்கிறது. கைப்பேசியால் ஒவ்வொரு சுவரையும், அளவுநாடாவைச் சுவரோடு பிடித்துக்கொண்டு, பூசுமுன் படம் எடுத்து வையுங்கள். பல ஆண்டுகளுக்குப் பின் ஆணி அடிக்கப் போகிறவருக்கும் அந்தப் படம் உயிர்காக்கும்.

இவற்றையெல்லாம் முடித்தபின் பூச்சு வரலாம். பூச்சும் எளிய வேலை அன்று. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழை மக்களுக்கென அரசு வாரியம் எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில், சுவர்ப்பூச்சு கை பட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. அரசு, சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு அதை ஆராயச் செய்தது. பொதுவாகப் பூச்சு உதிர்வதற்குச் சிமெண்டின் குறைவு, தூசு மிகுந்த மணல், பூசுமுன் சுவரை நனைக்காமை, பூசியபின் நீராற்றாமை ஆகியவை காரணமாகும். உட்சுவருக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் கனமே போதும். கோணலான சுவரைப் பூச்சில் சரிசெய்யப் புகுந்தால் அது இரு மடங்கும் மும்மடங்குமாகி, தன் பாரத்தைத் தானே தாங்காமல் பிரியும். 'பூச்சில் சரிசெய்துகொள்ளலாம்' என்பது பூச்சுக்கே கேடு.

"சட்டம் இருக்கிறதே" என்று சிலர் கூறுவர். சட்டம் இன்றுநேற்று வந்ததன்று. ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியாவை ஆண்ட ஹமுராபி என்னும் அரசனின் சட்டத்தொகுப்பில், கட்டியவன் உறுதியாகக் கட்டாத வீடு விழுந்து வீட்டுக்காரன் மாண்டால் கட்டியவனைக் கொல்ல வேண்டும் என்று ஒரு விதி உண்டு. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அவ்வளவு கொடியதன்று, மிகவும் பயனுள்ளது. அச்சட்டத்தின்கீழ் விற்கப்படும் வீட்டில் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், விற்றவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். ஆனால் சொந்த மனையில் மேஸ்திரியை வைத்து வீடு கட்டிக்கொள்பவருக்கு அப்பிரிவு துணை வராது. அவர் நுகர்வோர் ஆணையத்தையே நாட வேண்டியிருக்கும். மேலும், எந்தச் சட்டமும் குறை தெரிந்த பிறகுதான் பேசத் தொடங்கும். கண்ணுக்கோ குறை விளையுமுன்னே பேச வாய்ப்பு உண்டு.

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பார்ப்பது என்பது தொழிலாளியைத் திருடன் என்று எண்ணுவதன்று. மௌலிவாக்கத்தில் முதலில் மாண்டவர்கள் யார் என்பதை நினைவுகூருங்கள். சாந்து சுமந்த சித்தாள்களும் செங்கல் அடுக்கிய கொத்தனார்களுமே தவறான கட்டடத்துக்கு முதலில் இரையாகிறார்கள். ஆகையால் வீட்டுக்காரர் பார்ப்பது கொத்தனாருக்கு எதிராக அன்று, கொத்தனாருக்காகவுந்தான். எந்த எந்த வேளையில் பார்ப்போம் என்பதை வேலை தொடங்குமுன்னே உடன்படிக்கையில் எழுதிவிடுங்கள். அப்பொழுது அது சந்தேகமாகத் தோன்றாது. வேலையின் ஒரு பகுதியாகவே தோன்றும். நல்ல வேலையைக் கண்டால் ஆட்கள் முன்னிலையில் பாராட்டுங்கள். குறையைக் கண்டால் மேஸ்திரியைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பிரித்துக் கட்டச் சொன்னால் அதற்குரிய கூலியைப் பற்றி நியாயமாகப் பேசுங்கள். கூலியைக் கசக்கிப் பிடித்துவிட்டுத் தரத்தைக் கேட்பவருக்குத் தரம் கிடைப்பதில்லை.

மாணவ மாணவியரே, உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஒப்பந்தக்காரர் ஆவீர்கள். எல்லோரும் ஏதேனும் ஒரு கூரையின்கீழ் வாழ்வீர்கள். வேலை நடக்கும் இடத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள், சாரத்தின்கீழ் நிற்காதீர்கள். உங்கள் வீடே எழுகிறதென்றால், தந்தையோடும் தாயோடும் பொறியாளரோடும் சென்று அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடியுங்கள். ஏன், எதற்கு என்று கேளுங்கள். நல்ல மேஸ்திரி எவரும் கேள்வி கேட்கும் பிள்ளையை வெறுப்பதில்லை. தம் தொழிலைச் சொல்லித்தர மகிழ்ச்சியே கொள்வார். அப்படிக் கேட்கும்போது, "பூச்சில் சரிசெய்துகொள்ளலாம், தம்பி" என்று அவர் சொல்வாரானால், "பூசுவதற்கு முன்னே சரிசெய்துவிடுவோம், ஐயா" என்று பணிவோடு சொல்லுங்கள்.